ரோட்ஸ் தீவில் கையெழுத்து வாங்கியவர்

போர்நிறுத்தப் பேச்சுவார்த்தை என்று செய்தியில் எங்கே அடிபட்டாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறவர் ரால்ஃப் பன்ச். ஐ.நா.வில் கால் நூற்றாண்டு வேலை பார்த்த அமெரிக்கக் கறுப்பினத்தவர். 1950இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு வாங்கினார், எந்தத் துறையானாலும் சரி, நோபல் பரிசு வாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான். மார்ட்டின் லூதர் கிங்கை நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும், மண்டேலாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பன்ச் என்று சொன்னால் நிறையப் படிக்கிறவர்கள்கூட யார் அது என்று கேட்கிறார்கள். அவர் செய்த வேலை அப்படி. ஹோட்டல் அறையில் உட்கார்ந்து ஒரு வாக்கியத்தைப் பத்து முறை திருத்தி எழுதுகிறவரை யாரும் படம் பிடித்து வைப்பதில்லை. எனக்கு அந்த வேலைமேல் பெரிய மரியாதை உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதப்போகிறேன்.

1947இல் பாலஸ்தீனத்தை என்ன செய்வது என்று ஆராய ஐ.நா. 11 நாடுகள் கொண்ட ஒரு குழுவை அனுப்பியது. பன்ச் அதில் உறுப்பினர் இல்லை, செயலகத்திலிருந்து கூடப் போன அதிகாரி. குழு வழக்கம்போல இரண்டாகப் பிளந்தது. நாட்டைப் பிரித்துவிடலாம் என்றது பெரும்பான்மை, கூட்டாட்சியாக ஒன்றாகவே வைத்திருக்கலாம் என்றது சிறுபான்மை. இரண்டு அறிக்கைகளையும் எழுத்தாக்கிக் கொடுத்தது பன்ச்தான். இதை நினைத்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு வாதங்களை, அந்தந்தத் தரப்பே 'ஆமாம், நாங்கள் சொல்ல வந்தது இதுதான்' என்று ஒத்துக்கொள்ளும்படி ஒரே ஆள் எழுத வேண்டுமானால் இரண்டு பக்கமும் சொல்வதை அவர் எவ்வளவு உன்னிப்பாகக் கேட்டிருக்க வேண்டும்!

1948 மே மாதம் பிரிட்டிஷார் கிளம்ப, இஸ்ரேல் தன்னை அறிவித்துக்கொள்ள, சுற்றியிருந்த அரபு நாடுகளின் படைகள் உள்ளே வர, போர் மூண்டது. ஐ.நா. ஸ்வீடனைச் சேர்ந்த ஃபோக் பெர்னடோட் பிரபுவை நடுவராக நியமித்தது. இரண்டாம் உலகப்போரின் கடைசி மாதங்களில் நாஜி முகாம்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை வெளியே கொண்டுவந்த செஞ்சிலுவைச் சங்கத்துக்காரர் அவர். பன்ச் அவருக்குத் துணை. போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க ஆட்களை அனுப்பியபோது பன்ச் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார்: கண்காணிப்பாளர்கள் கையில் ஆயுதம் இருக்கக் கூடாது. வெள்ளையடித்த வண்டி, அதில் கறுப்பு எழுத்தில் ஐ.நா. என்ற பெயர், அவ்வளவுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. இன்றைக்கும் உலகத்தில் எந்த மூலையில் ஐ.நா. வண்டியைப் பார்த்தாலும் அது வெள்ளையாகத்தான் இருக்கிறது.

1948 செப்டம்பர் 17. பெர்னடோட்டோடு ஜெருசலேமில் பன்ச் சேர்ந்துகொள்வதாக இருந்தது. அவருடைய செயலாளரின் பிரிட்டிஷ் கடவுச்சீட்டைப் பார்த்து இஸ்ரேலியச் சோதனைச் சாவடியில் தாமதமாகிவிட்டது. காரில் பெர்னடோட் பக்கத்தில், பன்ச் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில், ஆந்த்ரே செரோ என்ற பிரெஞ்சு கர்னல் ஏறி உட்கார்ந்தார். தன் மனைவியை நாஜி முகாமிலிருந்து மீட்டவர் பெர்னடோட் என்பதால் அவருக்கு நேரில் நன்றி சொல்ல ஆசைப்பட்டாராம். லெஹி என்ற யூதத் தீவிரவாதக் குழுவின் ஆட்கள் காரை மறித்துச் சுட்டார்கள், இருவரும் இறந்தார்கள். பன்ச் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சில மணி நேரத்துக்குள் தற்காலிக நடுவர் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. ஓடிப்போயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

1949 ஜனவரியில் கிரேக்கத் தீவான ரோட்ஸில், ரோஜாக்களின் பெயர் கொண்ட ஒரு ஹோட்டலில், எகிப்தையும் இஸ்ரேலையும் கூட்டிவைத்தார். இரண்டு குழுவும் ஒரே கட்டடத்தில் தங்கியிருந்தும் எகிப்தியர்கள் இஸ்ரேலியர்களோடு ஒரே மேசையில் உட்காரத் தயாராக இல்லை. உட்கார்ந்தால் அந்த நாட்டை அங்கீகரித்ததாக ஆகிவிடுமே என்ற பயம். பன்ச் இரண்டு பேரையும் தனித்தனியே தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். பேச்சு எதைப் பற்றி? எல்லையைப் பற்றி இல்லை, ஜெருசலேமைப் பற்றி இல்லை, எதையெல்லாம் பேசப் போகிறோம் என்ற நிகழ்ச்சி நிரலைப் பற்றி. அது முடிந்ததும், சரி, இதை ஏற்றுக்கொள்ள மட்டும் இரண்டு தரப்பும் ஒரு நிமிஷம் ஒன்றாக வாருங்கள் என்றார். வந்தார்கள். ஒன்றாக ஏதோ ஒன்றை முடிவெடுப்பதும் ஏதோ ஒன்றில் கையெழுத்துப் போடுவதும் அவர்களுக்குப் பழக்கமாக வேண்டும், அதற்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று பிற்பாடு அவரே விளக்கியிருக்கிறார். முதல் கையெழுத்தைப் போட்ட கை இரண்டாவதைப் போடத் தயங்காது.

அடுத்ததாக வரைவு. ஒவ்வொரு சிக்கலிலும் சமரச வாசகத்தை பன்ச் தானே எழுதினார். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எகிப்து ஓர் அடி பின்வாங்கினால் ஊரில் துரோகி என்பார்கள், இஸ்ரேலுக்கும் அதே கதிதான். 'நடுவர் சொன்னார், ஒத்துக்கொண்டோம்' என்றால் பழி நடுவர் மேல் போகும். அந்தப் பழியைச் சுமக்கத்தான் அவர் அங்கே இருந்தார். நாளுக்குப் பதினெட்டு, இருபது மணி நேரம் உழைத்திருக்கிறார், சிகரெட் ஓயவே இல்லை, அலுத்துப்போனால் ஹோட்டலில் இருந்த பில்லியர்ட்ஸ் மேசைக்குப் போய்விடுவார். பேச்சு முறியும் நிலைக்கு வந்தது ஒரு முறை மட்டுமில்லை. ஃபலூஜா என்ற ஊரில் சுமார் 4,000 எகிப்திய வீரர்கள் மாதக்கணக்கில் முற்றுகைக்குள் மாட்டிக்கிடந்தார்கள். அவர்களை எப்படி வெளியே விடுவது என்பதுதான் பெரிய இழுபறி. (அந்த முற்றுகைக்குள் இருந்தவர்களில் ஒருவர் பின்னாளில் எகிப்தை ஆண்ட கமால் அப்தெல் நாசர். ரோட்ஸில் பன்ச் பேசிக்கொண்டிருந்தது அவர் உயிருக்கும் சேர்த்துத்தான்.)

ரோட்ஸ் பேச்சைப் பற்றி எல்லோரும் சொல்கிற ஒரு கதை உண்டு. அந்தத் தீவின் மண்பாண்டங்கள் பேர்போனவை. பேச்சுவார்த்தையின் நினைவாகப் பெயர் பொறித்த வண்ணத் தட்டுகளை பன்ச் முன்கூட்டியே செய்து வாங்கி வைத்திருந்தார். மேசை சூடாகி இரண்டு தரப்பும் மூட்டை கட்டக் கிளம்பும் நேரத்தில் அலமாரியைத் திறந்து காட்டினாராம். உடன்பாடு வந்தால் ஆளுக்கு ஒரு தட்டு, வராவிட்டால் உங்கள் தலையில்தான் உடைப்பேன் என்று. பிப்ரவரி 24 அன்று எகிப்தும் இஸ்ரேலும் கையெழுத்திட்டன. மார்ச்சில் லெபனான், ஏப்ரல் 3இல் ஜோர்டான், ஜூலை 20இல் சிரியா.

இவற்றில் எகிப்து உடன்படிக்கையில்தான் பன்ச்சின் கைவண்ணம் முழுசாகத் தெரிகிறது. ஜோர்டான் விஷயத்தில் ரோட்ஸில் நடந்தது பாதி ஒப்புக்குத்தான். உண்மையான பேரம் ஷூனே என்ற இடத்தில் மன்னர் அப்துல்லாவின் மாளிகையில் ரகசியமாக நடந்தது, அங்கே மிரட்டலுக்கு அடிபணிந்து ஜோர்டான் கொஞ்சம் நிலத்தையும் விட்டுக்கொடுத்தது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட, ஓடிப்போன ஏழு லட்சம் பாலஸ்தீனர்களுக்கு இந்த நான்கு ஒப்பந்தங்களிலும் ஒன்றும் இல்லை. அவர்கள் ஊர் திரும்ப வேண்டும் என்று பெர்னடோட் சாவதற்கு முந்தின நாள் கையெழுத்திட்ட அறிக்கையில் இருந்தது, அந்த அறிக்கையைத் தயாரித்ததில் பன்ச்சுக்கும் பங்கு உண்டு. ஐ.நா. பொதுச்சபையும் அந்த டிசம்பரில் தீர்மானம் போட்டது. காகிதத்தோடு நின்றுபோனது. நிரந்தர சமாதானத்தை வேறு ஒரு குழு பேசி முடிக்கும் என்று நம்பித்தான் பன்ச் போரை நிறுத்திக் கொடுத்தார். அந்தச் சமாதானம் வரவே இல்லை. அதற்காக அவர் செய்ததைச் சின்னதாக்குகிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை, துப்பாக்கிச் சத்தம் நின்ற அன்றைக்கு உயிரோடு இருந்த ஒவ்வொருவரும் எனக்குக் கணக்குதான்.

நோபல் பரிசு அறிவிப்பு வந்தபோது முதலில் வேண்டாம் என்று மறுத்துக் கடிதமே எழுதிவிட்டார். ஐ.நா. செயலகத்தில் இருக்கிறவன் பரிசுக்காக சமாதானம் செய்வதில்லை என்பது அவர் வாதம். பொதுச்செயலாளர் ட்ரிக்வே லீ, இது உனக்கு மட்டுமில்லை, ஐ.நா.வுக்கும் நல்லது என்று சொல்லி வாங்க வைத்தார். ஆஸ்லோ உரையில் பன்ச் சொன்ன ஒரு விஷயம் என்னை விட்டுப் போகவில்லை. போரிலும் அமைதியிலும் துன்பத்தை மட்டுமே கண்டவர்களுக்கு சமாதானம் என்பது ரொட்டியாகவோ அரிசியாகவோ, குடியிருக்க இடமாகவோ, ஆரோக்கியமாகவோ, படிப்பாகவோ, அவற்றோடு சுதந்திரமாகவும் மானமாகவும் மாறி வர வேண்டும் என்றார். அரிசி என்று அந்த மேடையில் சொன்ன அமெரிக்கரை எனக்கு உடனே பிடித்துப்போய்விட்டது.

இந்த ஆள் எங்கிருந்து வந்தார் என்று கேட்டால் டெட்ராய்ட். அப்பா முடிதிருத்துபவர். அம்மாவுக்குக் காசநோய், வறண்ட காற்று நல்லது என்று குடும்பம் நியூ மெக்ஸிகோவில் உள்ள ஆல்புகெர்க்கிக்குப் போனது. அங்கே 1917இல் அம்மா இறந்தார். வேலை தேடிப் போன அப்பா திரும்பி வந்து குடும்பத்தோடு சேரவே இல்லை. பிள்ளைகளை லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கூட்டிப்போய் வளர்த்தது அம்மாவைப் பெற்ற பாட்டி, லூசி டெய்லர் ஜான்சன். குள்ளமான உருவம், வெள்ளைக்காரி என்று சொன்னால் நம்பும் அளவுக்கு வெளுத்த நிறம், ஆனால் தான் கறுப்பினத்தவள் என்பதை ஒரு நாளும் மறைக்காத பெண்மணி. பன்ச்சைப் பற்றி எதை எழுதினாலும் இந்தப் பாட்டியை விட்டுவிட்டு எழுதக் கூடாது.

உயர்நிலைப்பள்ளியில் பேரன் முதல் மாணவன். ஆனால் நகரம் முழுவதற்குமான சிறந்த மாணவர் சங்கத்தில் அவனைச் சேர்க்கவில்லை, காரணம் நிறம். பட்டமளிப்பு முடிந்ததும் தலைமையாசிரியர் பாட்டியிடம் வந்து, நல்ல மனசோடுதான், உங்கள் ரால்ஃபை நாங்கள் ஒரு நீக்ரோவாக நினைத்ததே இல்லை என்றார். பாராட்டுகிறோம் என்றுதான் அவர் நினைத்திருப்பார். பாட்டி அவரை நிற்க வைத்துக் கேட்டுவிட்டார். நீங்கள் சொன்னது இவனுக்கு அவமானம், இவனைப் பெற்றவர்களுக்கு அவமானம், எனக்கும் எங்கள் இனம் முழுமைக்கும் அவமானம் என்று. பன்ச் இதைக் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். 'நீ மட்டும் வேறு' என்று யாராவது தோளில் தட்டினால் அந்தக் கையை எப்படித் தட்டிவிடுவது என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டிருக்கிறார். நம்மிலும் 'உங்களைப் பார்த்தால் அந்த ஆட்கள் மாதிரியே தெரியவில்லை' என்ற வார்த்தையைக் கேட்டவர்கள் எத்தனை பேர் இருப்போம், அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்துவைத்தவர்கள் எத்தனை பேர்!

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் கூடைப்பந்து ஆடியும் துப்புரவு வேலை பார்த்தும் படித்து 1927இல் முதல் மாணவனாக வெளியே வந்தார். ஹார்வர்டில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது, போய்ச் சேரவும் சாப்பிடவும் காசில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் கறுப்பின மக்கள் தங்களுக்குள் திரட்டி 1,000 டாலர் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய பணம், கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கூலிவேலை பார்த்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். 1934இல் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம், அமெரிக்காவில் அந்தத் துறையில் ஒரு கறுப்பினத்தவர் வாங்கிய முதல் பட்டம் அது. ஆய்வு மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோலாந்தையும் டஹோமேயையும் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட விதத்தைப் பற்றியது. நேரில் போய் ஆவணங்களைப் புரட்டிவிட்டு வந்தார். அப்புறம் லண்டன், கேப் டவுன், கிழக்கு ஆப்பிரிக்கா. லண்டனில் அவருக்கு ஸ்வாஹிலி சொல்லிக்கொடுத்தவர் ஜோமோ கென்யாட்டா, ஆமாம், பின்னாளில் கென்யாவின் முதல் அதிபரான அவரேதான்.

இந்தப் படிப்பெல்லாம் 1945இல் பயன்பட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் எழுதப்பட்டபோது, காலனி நாடுகளைப் பற்றிய 11, 12ஆம் அத்தியாயங்களை உருவாக்கியதில் அமெரிக்கக் குழுவில் இருந்த பன்ச்சின் பங்கு பெரிது. உலகத்தில் அன்றைக்குச் சுமார் 75 கோடி மக்கள் அந்நிய ஆட்சியின் கீழ் இருந்தார்கள், நாமும் அதில் அடக்கம். அந்த மக்களின் நலனே முதன்மை, அவர்களைத் தன்னாட்சிக்குத் தயார்செய்வது ஆள்கிறவர்களின் கடமை, அங்கே நடப்பதைப் பற்றி ஐ.நா.வுக்குத் தகவல் தர வேண்டும் என்றெல்லாம் சாசனத்தில் எழுத்தாக ஏறியது. பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் பிடிக்காமல்தான் ஏறியது. வார்த்தைகளில் ஓட்டை நிறைய உண்டு. ஆனாலும் அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் ஆப்பிரிக்க, ஆசியத் தலைவர்கள் ஐ.நா.வுக்குள் வந்து நின்று கேள்வி கேட்கக் கையில் ஒரு பிடி கிடைத்தது.

இத்தனை கௌரவம் கிடைத்த மனிதருக்கு சொந்த ஊரில் என்ன நிலைமை? ரோட்ஸ் வெற்றிக்குப் பிறகு அதிபர் ட்ரூமன் வெளியுறவுத் துறையில் உதவிச் செயலர் பதவி தருவதாகச் சொன்னார். கறுப்பினத்தவர் யாரும் அதுவரை எட்டாத பதவி. பன்ச் மறுத்துவிட்டார், வாஷிங்டனின் நிறவெறிக்குள் பிள்ளைகளை மறுபடி வளர்க்க முடியாது என்று வெளிப்படையாகவே காரணம் சொன்னார். அவர்கள் அங்கே குடியிருந்த காலத்தில் வீட்டு நாய் இறந்துபோனது. செல்லப்பிராணிகளைப் புதைக்கும் இடத்திலும் வெள்ளையர் வளர்த்ததற்கு ஒரு பக்கம், கறுப்பர் வளர்த்ததற்கு இன்னொரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். செத்த நாய்க்கும் சாதி பார்த்த ஊர் அது.

1954இல் இன்னொரு கொடுமை. கம்யூனிஸ்ட் வேட்டைக் காலம், பன்ச்சும் ரகசியக் கம்யூனிஸ்ட் என்று இரண்டு பேர் சாட்சி சொல்ல, நோபல் பரிசு வாங்கிய மனிதர் விசாரணை வாரியத்துக்கு முன்னால் உட்கார்ந்து தன் முப்பதுகளில் எழுதியதற்கும் பழகியவர்களுக்கும் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. ஒருமனதாக விடுவித்தார்கள். விடுவித்தாலும் அந்த நாட்களின் கசப்பு போய்விடுமா என்ன.

1959இல் நடந்தது நியூயார்க்கில். ஃபாரஸ்ட் ஹில்ஸில் உள்ள டென்னிஸ் கிளப்பில் பன்ச்சின் மகன் பயிற்சிக்குப் போனான். உறுப்பினராகச் சேரலாமா என்று கேட்டபோது, கறுப்பர்களையும் யூதர்களையும் நாங்கள் சேர்ப்பதில்லை என்று கிளப் தலைவர் நேராகவே சொல்லிவிட்டார். அமெரிக்க தேசிய டென்னிஸ் போட்டி அப்போது நடந்துவந்த மைதானம் அது, முந்தின இரண்டு ஆண்டுகளும் அங்கே பட்டம் வென்றவர் ஆல்தியா கிப்சன் என்ற கறுப்பினப் பெண். பன்ச் விஷயத்தை வெளியே சொன்னார். ஊரே கொதித்தது, தலைவர் பதவி விலகினார், கிளப் மன்னிப்புக் கேட்டு வாருங்கள் என்று அழைத்தது. அவர் போகவில்லை. எனக்குப் பெயர் இருப்பதால் கதவைத் திறக்கிறீர்கள், மிஸிஸிப்பியில் இருக்கும் மிகச் சாதாரணக் கறுப்பனுக்கும் நிறத்தால் கேடு வராத நாள் வரை நானும் விடுபட்டவன் இல்லை, இதுதான் அவர் நிலை. தலைமையாசிரியரிடம் பாட்டி சொன்னதை அப்படியே பேரன் திரும்பச் சொன்னதாகத்தான் எனக்குப் படுகிறது.

சரி, மறுபடி ஐ.நா.வுக்கு வருகிறேன். 1956இல் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்க, பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் சேர்ந்து எகிப்தைத் தாக்கின. படைகளை வெளியேற்ற ஐ.நா. ஒரு படையை நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது. அப்படி ஒன்று அதற்கு முன்னால் உலகத்தில் கிடையாது. யோசனை கனடாவின் லெஸ்டர் பியர்சனுடையது, பொறுப்பு பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷோல்டினுடையது, நடைமுறையில் ஆள் திரட்டி, கப்பல் பிடித்து, சோறு துணிக்கு வழிசெய்து பத்து நாட்களுக்குள் படையை இறக்கியது பன்ச். கனடா அனுப்ப முன்வந்த படைப்பிரிவின் பெயரிலேயே ராணி இருந்தார், போதாததற்கு அவர்கள் சீருடை பிரிட்டிஷ் சீருடை மாதிரியே இருந்தது, நாசர் எப்படி ஒத்துக்கொள்வார்? தூரத்திலிருந்தே வேறுபடுத்திக் காட்ட நீலத் தொப்பி தேவைப்பட்டது. அவ்வளவு சீக்கிரம் யாராலும் தைத்துத் தர முடியவில்லை. ஐரோப்பாவில் அமெரிக்க ராணுவக் கிடங்குகளில் பிளாஸ்டிக் தலைக்கவச உள்ளோடுகள் குவிந்து கிடந்தன. நீலச் சாயத்தை அடித்து மாட்டிவிட்டார்கள். ஐ.நா.வின் நீலத் தலைக்கவசம் பிறந்தது இப்படித்தான்.

பத்து நாடுகளின் வீரர்கள் சுமார் 6,000 பேர், இந்தியாவிலிருந்தும் போனார்கள். விதிகள் எளிமையானவை: எந்த நாட்டு மண்ணில் நிற்கிறோமோ அந்த நாட்டின் சம்மதம் வேண்டும், யார் பக்கமும் சாயக் கூடாது, தற்காப்புக்கு அல்லாமல் சுடக் கூடாது. அமைதிப்படை என்றால் ஈழத்தில் 1987இலிருந்து நடந்ததை நினைக்கிறவர்கள் நம்மில் அதிகம். அது ஐ.நா. படையே இல்லை என்பது ஒரு புறம், இந்த மூன்று விதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அங்கே என்னென்ன தவறியது என்பது தெரியும்.

எல்லாம் வெற்றி என்று எழுத முடியாது. 1960இல் காங்கோவின் சுதந்திர விழாவுக்குப் போனவரை ஹாமர்ஷோல்ட் அங்கேயே இருக்கச் சொன்னார். ஒரு வாரத்துக்குள் ராணுவம் கலகம் செய்தது, பெல்ஜியப் படை இறங்கியது, கனிமவளம் கொழிக்கும் கட்டாங்கா மாகாணம் பிரிந்துபோனதாக அறிவித்தது. கட்டாங்காவுக்குள் ஐ.நா. படையைக் கொண்டுபோகப் பேச்சு நடத்தப் போன பன்ச், இப்போது இறங்கினால் சண்டை வெடிக்கும் என்று நிறுத்திவைக்கச் சொன்னார். பிரதமர் பேட்ரிஸ் லுமும்பாவுக்கு அது துரோகமாகப் பட்டது. அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன், தன் நாட்டின் ஒரு துண்டை அந்நியர் உதவியோடு பிடுங்கிக்கொண்டு போகிறார்கள், காப்பாற்ற வந்தவர்கள் வாசலில் நின்று விதி பேசுகிறார்கள். ஆகஸ்டு முடிவில் பன்ச் ஊர் திரும்பினார். 1961 ஜனவரியில் லுமும்பா கொல்லப்பட்டார்.

செய்தி வெளியானபோது கறுப்பின அமெரிக்கர்கள் பாதுகாப்புச் சபையின் பார்வையாளர் மாடத்தில் ஏறிக் கூச்சலிட்டார்கள். பன்ச் அவர்கள் சார்பில் மன்னிப்புக் கேட்டார். நாடக ஆசிரியர் லொரைன் ஹேன்ஸ்பெரி, பன்ச் கேட்ட மன்னிப்புக்காக லுமும்பாவின் மனைவியிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று பதிலுக்கு எழுதினார். அந்தத் தலைமுறைக்கு பன்ச் வெள்ளையரின் ஆளாகத் தெரிந்தார். கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸும் அவரை விடவில்லை. அன்றைக்கு பன்ச் வாயைத் திறந்திருக்கவே கூடாது. அதிகாரி என்ற சட்டையை அவரால் ஒரு நாளும் கழற்ற முடியவில்லை, அவருடைய பலமும் பலவீனமும் அதுதான்.

ஆனாலும் 1965 மார்ச்சில் அலபாமாவில் செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்குப் புறப்பட்ட ஊர்வலத்தின் முன்வரிசையைப் பாருங்கள். கழுத்தில் மாலையோடு மார்ட்டின் லூதர் கிங், ஆபிரகாம் ஹெஷல் என்ற யூத மதகுரு, அதே வரிசையில் பன்ச். அறுபது வயது, சர்க்கரை நோய், காலில் ரத்தக்குழாய் வீக்கம். வெளியாட்கள் வந்து கலகம் செய்கிறார்கள் என்று மாநில ஆளுநர் சொன்னதற்கு, அமெரிக்கன் எவனும் இந்த நாட்டின் எந்த மூலையிலும் வெளியாள் இல்லை என்று மான்ட்கோமரியில் பதில் சொன்னார். பதவியில் இருக்கும் ஐ.நா. துணைப் பொதுச்செயலாளர் தன் சொந்த நாட்டு மாநில அரசுக்கு எதிராகத் தெருவில் நடக்கிறார்!

அந்த வருஷம் செப்டம்பரில் இந்தியா பாகிஸ்தான் போர் நின்றபோது எல்லையில் கண்காணிப்பாளர்களை நிறுத்திய ஏற்பாடும் அவர் பொறுப்பில்தான் நடந்தது. ஐ.நா. கட்டடத்தின் 38ஆவது மாடியில் பொதுச்செயலாளர் ஊ தாண்டைச் சுற்றியிருந்த சின்ன வட்டத்தில் அவரோடு நம் சி.வி. நரசிம்மனும் இருந்தார், மதராஸ் ஐ.சி.எஸ். அதிகாரி, 1966இல் எம்.எஸ். அங்கே பாடியதற்குப் பின்னால் இருந்தவர்.

வீட்டுப் பக்கம் அவர் நிறைய இழந்தார். மனைவி ரூத் பெரும்பாலும் தனியாகவே மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். 1966இல் மகள் ஜேன் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். அடுத்த வருஷம் மகன் வியட்நாமில் போர்முனையில், அப்பாவுக்கோ அந்தப் போரில் துளியும் உடன்பாடு இல்லை. அதே 1967 மே மாதம் நாசர் சூயஸ் படையை வெளியேறச் சொன்னார். சம்மதத்தின் பேரில் நின்ற படை, சம்மதம் போனதும் கிளம்பியாக வேண்டும். பத்தரை வருஷம் கட்டிக் காத்தது மூன்று வாரத்தில் சரிந்தது, ஜூன் 5இல் போர். வெளியேற முடியாமல் காஸாவில் மாட்டிக்கொண்ட ஐ.நா. வீரர்களில் இந்தியர்களும் செத்தார்கள். பன்ச் அதிலிருந்து மீளவே இல்லை என்று கூட இருந்தவர்கள் சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகும் ஒரு வேலை செய்தார், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வளைகுடாவை விட்டு பிரிட்டன் கிளம்பத் தயாரானபோது பஹ்ரைன் எங்களுடையது என்று ஈரான் உரிமை கொண்டாடியது. ஈரான் மன்னர் ஷாவுக்குச் சண்டை போட விருப்பமில்லை, சும்மா விட்டுக்கொடுத்தால் நாட்டில் முகம் காட்ட முடியாது. வாக்கெடுப்பு வைப்பதில் பஹ்ரைன் ஆட்சியாளருக்குச் சம்மதமில்லை. பன்ச்சுக்கு அப்போது சர்க்கரை நோயால் கண்பார்வை கிட்டத்தட்டப் போய்விட்டது. எல்லாத் தரப்போடும் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்: வாக்குப்பெட்டி வேண்டாம், ஐ.நா. பிரதிநிதி ஒருவர் போய் ஊர்ச் சங்கங்கள், கிளப்புகள், மதத் தலைவர்கள் என்று ஒவ்வொரு தரப்பாகக் கேட்டு மக்கள் விருப்பத்தை அறிந்து சொல்லட்டும், அதை எல்லோரும் ஏற்பதாக முன்கூட்டியே ஒத்துக்கொள்ளட்டும். 1970 வசந்தத்தில் வின்ஸ்பியர் குச்சார்டி என்ற இத்தாலியர் போய் மூன்று வாரம் விசாரித்தார். மக்கள் கேட்டது சுதந்திரம். மே 11இல் பாதுகாப்புச் சபை ஒருமனதாக ஏற்றது, ஈரான் நாடாளுமன்றமும் ஏற்றது. ஒரு தோட்டா வெடிக்கவில்லை.

1971 செப்டம்பரில் பஹ்ரைன் ஐ.நா. உறுப்பினரானது. டிசம்பர் 9இல் பன்ச் நியூயார்க்கில் இறந்தார். அந்த வாரம் ஐ.நா.வில் விவாதமாக ஓடிக்கொண்டிருந்தது வங்கதேசத்தில் நடந்த இந்தியா பாகிஸ்தான் போர்.